அச்சத்தை வென்ற அருளானந்தர்



விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் திருவக்கரை. இரண்டு காரணங்களுக்காக இவ்வூர் பலராலும் அறியப்படுகிறது. ஒன்று, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதையுண்டு கல்லாகிப் போன மரங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவற்றைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது. மற்றொன்று, பௌர்ணமி நாள்களில் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் திரளாக வரும் வக்கிரகாளியம்மன் கோயில். பிற சமயத்தாரின் வழிபாட்டைப் பற்றித் தீர்ப்பிடுவது நம் வேலை அன்று. அவர்களை மதிக்க வேண்டும் என்றே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் நமக்குக் கற்பித்தது. இன்று நாம் சிந்திக்க வேண்டியது நம்மைப் பற்றியது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கிராமங்களில் பங்குப் பணியாற்றும் எந்தக் குருவும் அடிக்கடி கேட்கும் சொற்கள் உண்டு: செய்வினை, ஏவல், பில்லி, சூனியம், கண்ணேறு. ஞாயிறு திருப்பலியில் பக்தியோடு நற்கருணை வாங்கும் குடும்பம்கூட, மாடு செத்தால், மகளின் திருமணம் தடைபட்டால், மகனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறது. பின்னர் தாயத்து வருகிறது, தகடு வருகிறது, முட்டையும் எலுமிச்சம்பழமும் வருகின்றன. கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வீட்டுக்காரர்மேல், சில வேளைகளில் உடன்பிறந்த அண்ணன்மேலேயே சந்தேகம் விழுகிறது. செய்வினை உண்மையிலேயே வைக்கப்பட்டதோ இல்லையோ, அந்த அச்சமே ஒரு குடும்பத்தை உடைத்துவிடுகிறது.

இப்படிப்பட்ட அச்சத்தை நேருக்கு நேர் சந்தித்த ஒரு புனிதர் நம் மண்ணில் வாழ்ந்திருக்கிறார். திருவக்கரை வழியாக ஓடும் சங்கராபரணி ஆறு பிறக்கும் செஞ்சிப் பகுதியில்தான் அவருடைய தமிழகப் பணி தொடங்கியது. அவரைக் கொல்வதற்காகவே நாள்கணக்கில் மந்திரச் சடங்குகள் செய்யப்பட்டன. அவரே பிப்ரவரி 4ஆம் நாள் நாம் விழா கொண்டாடும் புனித ஜான் தே பிரிட்டோ, தமிழ் மக்கள் அன்போடு அழைக்கும் அருளானந்தர்.

அரண்மனையில் ஒரு சிறுவன்

1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில் ஓர் உயர்குடியில் ஜான் பிறந்தார். தந்தை சல்வதோர் தே பிரிட்டோ பெரைரா, தாய் பெயத்ரிஸ். தந்தை பிரேசில் நாட்டில் ஆளுநராகப் பணியாற்றச் சென்று அங்கேயே இறந்தார். அப்போது ஜான் சிறு குழந்தை. தாயின் நிழலில் வளர்ந்த அவர், அரசர் நான்காம் ஜானின் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக அமர்த்தப்பட்டார். பட்டாடையும் விருந்தும் விளையாட்டும் நிறைந்த இடம் அது. ஆனால் இச்சிறுவனோ செபத்தையும் படிப்பையும் விரும்பினான். உடனிருந்த பிள்ளைகள் அவனைக் கேலி செய்ததும் உண்டு.

சிறு வயதில் ஒருமுறை அவர் கடும் நோயில் விழுந்தார். பிழைப்பது அரிது என்று மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், தாய் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் மன்றாடினார். மகன் பிழைத்தால் ஓராண்டு முழுவதும் இயேசு சபைத் துறவியின் உடையை அவனுக்கு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். ஓராண்டு அந்தச் சிறிய கறுப்பு அங்கியோடு அரண்மனையில் வலம் வந்தான். ஆண்டு முடிந்து அங்கியைக் கழற்றியபோதும், சவேரியாரின் நினைவு அவன் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1662ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், தம் 15ஆம் வயதில் அவர் இயேசு சபையில் சேர்ந்தார்.

தாயின் கண்ணீர்

ஏவோராவிலும் கொயிம்பிராவிலும் கல்வி பயின்ற ஜான், இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என்று சபைத் தலைவரிடம் மீண்டும் மீண்டும் வேண்டினார். மதுரை மறைபரப்புத் தளத்தில் பணியாற்றி ஊர் திரும்பியிருந்த பல்தசார் தா கோஸ்தா அடிகளார் அங்குள்ள நிலையை எடுத்துரைத்தது அவருடைய ஆவலை மேலும் தூண்டியது. 1673ஆம் ஆண்டு அவர் குருவானவராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, இந்தியாவுக்குப் புறப்பட ஆயத்தமானார்.

அப்போது வந்த முதல் பெரிய தடை, அவரை மிகவும் நேசித்த தாயிடமிருந்தே வந்தது. மகனைச் சவேரியாரிடம் ஒப்படைத்த அதே பெயத்ரிஸ், இப்போது அவரை அனுப்ப மனமில்லாமல் தவித்தார். கணவரைக் கடல் கடந்த நாட்டில் இழந்தவர் அல்லவா! சபைத் தலைவர்களிடம் முறையிட்டார். திருத்தந்தையின் தூதுவரிடமும் சென்று மகனைத் தடுத்து நிறுத்தும்படி மன்றாடினார். ஜான் தாயைக் கடிந்துகொள்ளவில்லை. தம்மை அழைத்தவர் கடவுள் என்பதையும், தாயையும் அந்தக் கடவுளே காப்பார் என்பதையும் நம்பிக் கப்பலேறினார்.

சோதனை எப்போதும் கொம்பும் வாலும் கொண்டு வருவதில்லை என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். அன்பின் குரலிலும் அது வரக்கூடும். பேதுரு தம் ஆண்டவர்மேல் கொண்ட பாசத்தினால்தான் சிலுவை வேண்டாம் என்று தடுத்தார். இயேசுவோ அந்தப் பாசத்திற்குப் பின்னால் இருந்த சோதனையைக் கண்டுகொண்டார்.

கடற்பயணமும் எளிதாக இல்லை. கப்பலில் காய்ச்சல் பரவியது. அவரை இப்பணிக்கு ஈர்த்த தா கோஸ்தா அடிகளார் வழியிலேயே இறந்துபோனார். வழிகாட்ட வேண்டியவரைக் கடலில் விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத நாட்டை நோக்கிப் போகும் ஓர் இளங்குருவின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். ஆயினும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 1673ஆம் ஆண்டு செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தார்.

செஞ்சி நாட்டில் பண்டாரசுவாமி

கேரளத்தின் அம்பழக்காட்டில் சிறிது காலம் தங்கித் தமிழ் கற்றபின், 1674ஆம் ஆண்டு அவர் செஞ்சி அரசுக்கு உட்பட்ட ஒரு சிறிய பணித்தளத்திற்கு வந்து சேர்ந்தார். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தே நொபிலி அடிகளார் தமிழரின் வாழ்க்கை முறையைத் தமதாக்கிக்கொண்டு நற்செய்தி அறிவித்தார். அவ்வழியில் வந்த அருளானந்தர் பண்டாரசுவாமி என்னும் துறவியரின் கோலத்தை ஏற்றார். காவி உடை உடுத்தார். இறைச்சியும் மீனும் முட்டையும் மதுவும் விலக்கினார். சோறும் காய்கறியுமே உணவு. தரையே படுக்கை. பண்டாரசுவாமிகளாக இருந்ததால், உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று சமுதாயம் பிரித்து வைத்திருந்த மக்களில், ஒதுக்கி வைக்கப்பட்ட ஏழைகளிடமும் அவர்களால் செல்ல முடிந்தது.

அமைதியான காலம் அன்று அது. 1677ஆம் ஆண்டு சிவாஜியின் படை செஞ்சிக் கோட்டையைப் பீஜப்பூர் ஆட்சியினரிடமிருந்து கைப்பற்றியது. படைகள் நடந்த பாதையெல்லாம் வயல்கள் அழிந்தன. மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடினர். இன்று சோறு கிடைக்குமா, நாளை உயிர் இருக்குமா என்று தெரியாத நிலை. அரண்மனையில் வளர்ந்தவர் அந்த மக்களோடு மக்களாக, அவர்களுக்குக் கிடைத்தால் உண்டும் கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்தும் வாழ்ந்தார். வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டி ஆண்டவர் இயேசு கற்பித்த இறைப்பராமரிப்பு, அவருக்கு மறையுரைக்கான தலைப்பாக மட்டும் இருக்கவில்லை. அன்றாடம் கையேந்தி நின்று பெற்ற அனுபவமாக இருந்தது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை இணைத்துக் கட்டப்பட்ட செஞ்சிக் கோட்டையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அருளானந்தரின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் அலகையை ஒரு படைத்தலைவனுக்கு ஒப்பிடுகிறார். கோட்டையைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் சுவர் மெலிந்திருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமே அவன் தாக்குவானாம். ஒருவருக்கு அச்சம் மெலிந்த சுவர். இன்னொருவருக்குப் பொருளாசை. வேறொருவருக்குப் புகழ். அருளானந்தரின் வாழ்வில் ஒவ்வொரு பக்கமும் தாக்கப்பட்டதை இனிப் பார்க்கலாம்.

முதல் சிறைவாசம்

1685ஆம் ஆண்டு அவர் மதுரைப் பணித்தளத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டே, குருக்கள் எளிதில் செல்ல முடியாதிருந்த மறவர் நாட்டுக்கு, அதாவது இன்றைய இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக்குச் சென்றார். சில வாரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றனர். 1686ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் மங்கலம் என்னுமிடத்தில் அவரும் உடனிருந்த வேதியர்களும் கைது செய்யப்பட்டனர். சாட்டையால் அடிக்கப்பட்டனர். நீரில் அமிழ்த்தப்பட்டனர். வெயிலில் காய்ந்த கூர்மையான பாறைமேல் கிடத்தப்பட்டு மிதிக்கப்பட்டனர். மறுதலித்தால் விடுதலை என்று சொல்லப்பட்டது. ஒருவரும் மறுதலிக்கவில்லை. கை கால்களை வெட்டிக் கழுவில் ஏற்றும்படி தீர்ப்பும் ஆயிற்று.

ஆனால் அத்தீர்ப்பு நிறைவேறவில்லை. அவர்கள் இராமநாதபுரத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். கிழவன் சேதுபதி என்று வரலாறு அழைக்கும் மன்னர் ரகுநாத சேதுபதி அருளானந்தரை நேரில் அழைத்து, அவர் கற்பிக்கும் போதனை என்ன என்று கேட்டறிந்தார். பின்னர், தம் நாட்டில் இனி போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டு அவர்களை விடுதலை செய்தார். சாவின் வாசலிலிருந்து அருளானந்தர் திரும்பி வந்தார்.

லிஸ்பனில் வந்த சோதனை

1687ஆம் ஆண்டு சபையின் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்குச் செல்லும்படி அவருக்குக் கட்டளை வந்தது. 1688ஆம் ஆண்டு செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். பழைய விளையாட்டுத் தோழர் பேதுரு இப்போது நாட்டின் அரசர். துன்பப்பட்டுத் திரும்பிய நண்பரை அவர் பெரும் சிறப்புடன் வரவேற்றார். தாய் பெயத்ரிஸ் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மகனைக் கண்டார்.

இங்கேதான் மிக நுட்பமான தாக்குதல் வந்தது. அரசர் அவரைத் தம் பிள்ளைக்கு ஆசிரியராக வைத்துக்கொள்ள விரும்பினார். ஆயர் பதவி பற்றிய பேச்சும் எழுந்தது. எவரும் குறைகூற முடியாத காரணங்கள் எத்தனை! உடல் நலிந்திருக்கிறது. தாய் முதுமை அடைந்துவிட்டார். நாட்டின் வருங்கால அரசரை உருவாக்குவதும் இறைபணியே. மறவர் நாட்டில் நுழையக் கூடாது என்று மன்னரின் தடையும் இருக்கிறது. இத்தனையும் சேர்ந்து ஒருவரைத் தடுத்து நிறுத்தப் போதாதா?

அருளானந்தர் என்ன செய்தார்? லிஸ்பன் நகரிலும் தமிழகத்துப் பண்டாரசுவாமியைப் போலவே காய்கறி உணவு உண்டு, தரையில் படுத்தார். அது வெறும் நோன்பு அன்று. தம் இதயம் எங்கே இருக்கிறது என்பதைத் தமக்குத் தாமே நாள்தோறும் நினைவூட்டிக்கொண்ட வழி. சாட்டைக்கு அஞ்சாதவர், மெத்தைக்கு மயங்கிவிடக் கூடாது என்பதில் விழிப்பாயிருந்தார். 1690ஆம் ஆண்டு மீண்டும் கப்பலேறினார். தாயை அவர் மறுபடி பார்க்கவில்லை.

அன்பார்ந்தவர்களே! நம்மில் எத்தனை பேர் துன்பத்தில் ஆலயத்தைத் தேடி வந்து, சற்று வசதி வந்ததும் காணாமல் போய்விடுகிறோம்? செய்வினைக்குப் பயப்படும் அளவுக்கு, நம் உள்ளத்தைச் சத்தமில்லாமல் கல்லாக்கிவிடும் சுகத்திற்கு நாம் பயப்படுவதில்லையே!

தடியத்தேவர் பெற்ற நலம்

தமிழகம் திரும்பிய அருளானந்தர் மீண்டும் மறவர் நாட்டுக்கே சென்றார். காடுகளில் ஓலைக் குடிசைகளில் தங்கி, இரவு வேளைகளில் மக்களுக்கு அருளடையாளங்களை வழங்கினார். அக்காலத்தில் மறவர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் தீராத நோயால் வருந்திக்கொண்டிருந்தார். செய்யாத மருத்துவம் இல்லை, நடத்தாத பரிகாரம் இல்லை. இறுதியில் கிறிஸ்தவர்களிடம் ஆள் அனுப்பினார். அருளானந்தர் ஒரு வேதியரை அனுப்பினார். அந்த வேதியர் நோயாளியின் அருகில் நின்று நற்செய்தியை வாசித்து மன்றாடினார். தடியத்தேவர் நலமடைந்தார்.

இதில் மறைந்திருக்கும் ஒரு செய்தியைக் கவனியுங்கள். நலம் கொடுத்ததற்குக் கட்டணம் இல்லை. மந்திரத் தகடு இல்லை. யார் உமக்குத் தீங்கு செய்தார் என்று எவர்மேலும் விரல் நீட்டவில்லை. நற்செய்தியும் செபமும் மட்டுமே இருந்தன. பேயோட்டுகிறோம், செய்வினை எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வருபவர் கிறிஸ்தவப் பெயரிலேயே வந்தாலும், உண்மையானவரா என்று சோதித்தறிய இந்த அளவுகோல் போதும்.

நலமடைந்தவர் திருமுழுக்குக் கேட்டார். அருளானந்தரோ அவசரப்படவில்லை. தடியத்தேவருக்குப் பல மனைவியர் இருந்தனர். ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும் என்ற கிறிஸ்தவ ஒழுங்கை எடுத்துரைத்தார். தடியத்தேவர் அதை ஏற்று, முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் வாழ்வுக்கு வழிசெய்வதாக உறுதி கூறினார். 1693ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ஆண்டவருடைய திருக்காட்சிப் பெருவிழாவன்று அவர் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் இளையவரான கடலாயி சேதுபதி மன்னரின் உறவினர். அவர் அழுதுகொண்டே அரண்மனைக்குச் சென்று முறையிட்டார். அந்தப் பெண்ணின் வேதனையை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. மன்னருக்கோ இது குடும்ப மானமாகவும் அரசியலாகவும் தோன்றியது. தடியத்தேவர் ஆட்சியுரிமை கோரக்கூடிய குடும்பத்தவர். அவருக்குப் பின்னால் ஒரு புதிய சமயக் கூட்டம் திரள்வதாக அரசவையில் பேசப்பட்டது. திருமுழுக்கு நடந்த இரண்டாம் நாள், சனவரி 8ஆம் நாள், அருளானந்தர் கைது செய்யப்பட்டு இராமநாதபுரத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டார்.

மந்திரம் தோற்ற நாள்கள்

தடியத்தேவர் அஞ்சி ஒதுங்கவில்லை. தம் குருவுக்காக மன்னரிடம் வாதாடினார். புதிய நம்பிக்கையை விட்டுவிடும்படி வற்புறுத்தப்பட்டும் மறுத்தார். அப்போதுதான், இந்தக் குருவையும் அவரைச் சேர்ந்தவர்களையும் வாளின்றியே ஒழித்துவிடலாம் என்ற எண்ணம் அரசவையில் எழுந்தது. அக்காலத்தில் மிகக் கொடியதாகக் கருதப்பட்ட மாந்திரீகச் சடங்கு நாள்கணக்கில் நடத்தப்பட்டது. அருளானந்தருக்கு ஒன்றும் நேரவில்லை. அதைவிட வலியது என்று சொல்லப்பட்ட இன்னொரு சடங்கும் நடத்தப்பட்டது. அதுவும் பலிக்கவில்லை. அக்காலத்தில் அப்பகுதியில் பணியாற்றிய லைனஸ் அடிகளார் இந்நிகழ்ச்சிகளை எழுதி வைத்துச் சென்றுள்ளார்.

அந்த நாள்களில் சிறையில் இருந்த அருளானந்தரை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். தமக்கு எதிராக என்ன நடக்கிறது என்று ஊரே பேசுகிறது. அவர் எதிர்மந்திரம் தேடவில்லை. கழிப்புக் கழிக்கவில்லை. மன்னரைச் சபிக்கவும் இல்லை. தாம் அன்றாடம் செய்துவந்ததையே செய்தார். செபித்தார், உடன் கைதானவர்களைத் திடப்படுத்தினார், கொடுத்ததை உண்டார், உறங்கினார். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் தூய பவுல் சொல்லும் படைக்கலங்களை நினைத்துப் பாருங்கள். உண்மை, நீதி, அமைதி, நம்பிக்கை, மீட்பு, இறைவார்த்தை, இடைவிடாத மன்றாட்டு. இவற்றுள் ஒன்றேனும் கடையில் வாங்கக் கூடியது அல்ல. திருமுழுக்கிலேயே நமக்குக் கொடுக்கப்பட்டவை இவை.

ஓரியூரில்

மந்திரம் தோற்றபின் வாள்தான் மிஞ்சியது. தலைநகரில் கொன்றால் கலகம் எழலாம் என்பதால், சனவரி இறுதியில் அவர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆட்சி செய்தவர் சேதுபதியின் சகோதரர் உதயத்தேவர். பிப்ரவரி 3ஆம் நாள் சிறையிலிருந்து தம் சபைத் தோழர்களுக்கு அருளானந்தர் கடிதம் எழுதினார். எழுதுகோலும் மையும் இல்லாத நிலையில் கரியையும் குச்சியையும் கொண்டு எழுதிய அக்கடிதத்தில் புலம்பல் இல்லை. நெடுநாள் காத்திருந்த விருந்துக்கு அழைப்பு வந்தவரின் மகிழ்ச்சியே இருந்தது.

மறுநாள் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், புதன்கிழமை. அது திருநீற்றுப் புதன். உலகெங்கும் கிறிஸ்தவர்களின் நெற்றியில் சாம்பல் பூசப்பட்ட அந்த நாளில், ஓரியூரின் மணல் திட்டில் அவர் மண்டியிட்டுச் செபித்தார். பின் எழுந்து, தம்மை வெட்ட வந்தவரைக் கட்டித் தழுவினார். அவ்வேளையில் அவருடைய கழுத்தில் கயிற்றில் தொங்கிய புனிதப் பொருள் அடங்கிய சிறு பேழை கொலைஞரின் கண்ணில் பட்டது. அதை ஏதோ மந்திரத் தாயத்து என்று எண்ணிய அவர் கையால் தொட அஞ்சினார். வாளின் முனையாலேயே கயிற்றை அறுத்தார். அருளானந்தரின் உடலில் காயம் பட்டது. பின்னர் தலை வெட்டப்பட்டது. கைகளும் கால்களும் துண்டிக்கப்பட்டு, உடல் கம்பத்தில் கட்டி வைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 45.

வாள் வைத்திருந்தவர் அஞ்சினார். வெறுங்கையோடு மண்டியிட்டவர் அஞ்சவில்லை. அந்தக் களத்தில் உண்மையில் அடிமையாய் இருந்தவர் யார், விடுதலை பெற்றவர் யார் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

செய்தி லிஸ்பனை அடைந்தபோது நன்றித் திருவழிபாடு நடைபெற்றது. தாய் பெயத்ரிஸ் துக்க உடையில் வரவில்லை. விழாக்கோல உடையில் வந்து அமர்ந்தார். ஒரு காலத்தில் மகனைத் தடுக்கத் திருத்தூதுவரிடம் ஓடிய தாய், மகனின் வழியாகத் தாமும் நம்பிக்கையில் வளர்ந்திருந்தார். 1853ஆம் ஆண்டு திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அருளானந்தருக்கு அருளாளர் பட்டமும், 1947ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதர் பட்டமும் வழங்கினர். அவருடைய குருதி தோய்ந்து சிவந்ததாக மக்கள் போற்றும் ஓரியூர் மண்ணை நாடி இன்று சாதி சமய வேறுபாடின்றி மக்கள் வருகின்றனர்.

கடவுள் காப்பாற்றினாரா?

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. மந்திரத்திலிருந்து அருளானந்தரைக் காத்த கடவுள், வாளிலிருந்து ஏன் காக்கவில்லை? 1686இல் விடுவித்தவர் 1693இல் ஏன் கைவிட்டார்? நோயுற்ற பிள்ளைக்காக மன்றாடி, அப்பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வரும் தாயும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். இதை நாம் மழுப்பிவிடக் கூடாது.

இறைப்பராமரிப்பு என்பது நமக்கு ஒரு தீங்கும் நேராது என்ற உத்தரவாதம் அன்று. அப்படியானால் இயேசுவுக்கே அது கிடைக்கவில்லை என்றாகிவிடும். பாலைநிலத்தில் அலகை அவரிடம் கேட்டதும் அதுதானே! ஆலய உச்சியிலிருந்து குதித்து, தந்தை காக்கிறாரா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னது. இயேசு மறுத்தார். அதே இயேசு கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மன்றாடினார், பின் தந்தையின் விருப்பத்திற்குத் தம்மைக் கையளித்தார். சோதித்துப் பார்ப்பது வேறு, நம்பி ஒப்படைப்பது வேறு.

அலகை அருளானந்தரிடமிருந்து பறிக்க விரும்பியது அவருடைய உயிரை அன்று. அவர் கடவுள்மேல் கொண்ட நம்பிக்கையை. தாயின் கண்ணீரால் முடியவில்லை. பாறைமேல் போட்டு மிதித்தும் முடியவில்லை. அரசரின் விருந்தாலும் மாந்திரீகத்தாலும் முடியவில்லை. கடைசி வரை கடவுள் அவரில் காத்தது அந்த நம்பிக்கையைத்தான். விதைக்கப்பட்ட உடல் மண்ணில் மடிந்தது. அந்த மண்ணிலிருந்து ஒரு திருச்சபை முளைத்தது.

நாம் செய்ய வேண்டியவை

அருளானந்தரின் வாழ்வைப் படித்துவிட்டு மூடி வைப்பதால் பயனில்லை. நம் பகுதிக் குடும்பங்களுக்கு அது சில தெளிவான வழிகளைக் காட்டுகிறது.

நோய் வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். மனநோயும் நோயே. அதற்கும் மருத்துவம் உண்டு. மருத்துவரும் மருந்தும் இறைப்பராமரிப்பின் கரங்கள். அதோடு நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தைக் கேட்டுப் பெறுங்கள். அது சாகப்போகிறவருக்கு மட்டும் உரியது அன்று.

செய்வினை எடுப்பவர்களை நாடாதீர்கள். நலம் பெறுவதற்காகவே என்றாலும் மாந்திரீகத்தை நாடுவது தவறு என்றும், தாயத்து அணிவது கண்டிக்கத்தக்கது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2117ஆம் எண்ணில் தெளிவாகக் கற்பிக்கிறது. செபமாலையையும் தீர்த்தத்தையும் ஓரியூர் மண்ணையும்கூடத் தாயத்தைப்போலப் பயன்படுத்தாதீர்கள். அவை நம் உள்ளத்தைக் கடவுள்பால் எழுப்ப வேண்டியவை. அவற்றுக்குள் மந்திரச் சக்தி அடைபட்டிருக்கவில்லை.

உறவினர்மேல் சந்தேகம் எழுந்தால், அதையே முதல் சோதனையாகக் கருதுங்கள். குறி கேட்கச் செல்லும் முன், அந்த உறவினர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். கொலைஞரைத் தழுவியவரின் விழாவைக் கொண்டாடும் நாம், பேசாதிருக்கும் அண்ணனோடு பேசலாகாதா? ஒப்புரவு அருளடையாளம் பெற்று, பகையை விட்ட வீட்டில் அச்சம் அதிக நாள் தங்குவதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கா திருவிழிப்பில் எரியும் மெழுகுதிரியைக் கையில் பிடித்து, அலகையை விட்டுவிடுவதாக எல்லாரும் சேர்ந்து உறுதி கூறுகிறோம். திருநீற்றுப் புதனன்று அருளானந்தர் தொடங்கிய நோன்பு அந்த உயிர்ப்பின் ஒளியை நோக்கிய நோன்பு. அன்று நாம் கூறும் அந்த ஒரு சொல்லை ஆண்டின் மற்ற நாள்களிலும் காத்துக்கொண்டால், வேறு காப்பு நமக்குத் தேவையில்லை.

இறைவா, எங்கள் மண்ணில் நடந்து, எங்கள் மொழியில் உம்மை அறிவித்து, அச்சத்தை வென்ற புனித அருளானந்தரை எங்களுக்குத் தந்ததற்காக நன்றி கூறுகிறோம். இருளுக்கு அஞ்சும் எங்கள் குடும்பங்களை உம் ஒளியால் நிரப்பும். நலம் தந்தாலும் சிலுவை தந்தாலும் உம் கையை விடாத நம்பிக்கையை எங்களுக்கு அருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.